பனையின் நாட்டிலே பியருக்குப் பரிவட்டமா?

குறிகட்டுவான் இறங்குதுறையிலே காலைப் படகுக்காகக் காத்து நின்றோம். நெடுந்தீவுக்குச் செல்லும் அப்படகில் அரிசி மூடைகள் ஏறின. சீமெந்துப் பைகள் ஏறின. அவற்றோடு, யாரோ ஒருவர் வீட்டு விழாவுக்கென வாங்கிய பேணிப் பியர்ப் பெட்டிகளும் ஏறின. அரிசிக்கும் சீமெந்துக்கும் தீவு பிறரை எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால், வானை முட்டும் பனைகள் ஆயிரமாயிரமாய் நிற்கும் மண்ணுக்கு, குடிக்கும் பானமும் கடல் கடந்தா வரவேண்டும்?

“குடிகாரர் கதை நமக்கேன்?” என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். பொறுத்தருளுக. இது குடிகாரர் கதையன்று. ஒரு மரத்தின் கதை. அம்மரத்தில் ஏறும் மனிதனின் கதை. தன்னிடம் உள்ளதை இழிவென்றும் பிறரிடம் உள்ளதை உயர்வென்றும் எண்ணப் பழகிவிட்ட ஓர் இனத்தின் கதை.

சுவை எங்கே பிறக்கிறது?

சுவையைப் பற்றி வாதிடுதல் வீண் என்று இலத்தீனிலே ஒரு முதுமொழி உண்டு. சட்டம் பயின்ற நாம் இலத்தீன் மொழிகளை மதிப்பவரே. எனினும் இதனை ஏற்கோம். மனிதனுடைய நாக்கு தனியே நின்று தீர்ப்புக் கூறுவதில்லை. விலை, வரி, அனுமதிப்பத்திரம், விளம்பரம், ஊரார் மதிப்பு ஆகிய ஐவரும் அதன் காதில் ஓதிய பின்னரே அது தீர்ப்புக் கூறுகிறது. கொழும்பிலே குளிரூட்டிய அறையில் கண்ணாடிக் குவளையிற் பியர் அருந்துபவர் கனவான். வேலணையிலே பனையடியிற் குந்தியிருந்து பிளாவிற் கள்ளருந்துபவர் குடிகாரர்! இருவர் வயிற்றிலும் சென்றது ஒரே மதுசாரந்தானே? பின் இந்த வேற்றுமையை வகுத்தவர் யார்?

பியரை நாம் பழிக்கவில்லை. அதுவும் உழைப்பின் விளைவே; அறிவின் விளைவே. பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து அதன் மாப்பொருளைச் சீனியாக்கி, கசப்புக்கு ஹொப் பூவிட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ற் இட்டு நொதிக்கவைப்பர். குளிரிலே மெல்ல நொதித்து நெடுநாள் ஓய்ந்து தெளிவது லாகர்; வறுத்த தானியத்தின் கருமையும் கோப்பி போன்ற மணமும் ஏறியது ஸ்டவுட். 1881ஆம் ஆண்டு நுவரெலியாவில் நிறுவப்பட்ட மதுவடிசாலையின் வழிவந்த லயன் ஸ்டவுட்டை, பியர் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயரான மைக்கல் ஜாக்சன் (பாடகரல்லர், அவர் வேறு) வியந்து பாராட்டினார். எமது சுவையைக் கேட்பின் அதையும் ஒளிக்கோம்: லாகர் எமக்கு நீர்த்த பேச்சாகவே தோன்றும், ஸ்டவுட்டிற் பொருளுண்டு. ஆயினும், அதற்கு வேண்டிய பார்லி இந்நாட்டில் விளைவதில்லை, ஹொப்பும் விளைவதில்லை. இரண்டும் கப்பலில் வருபவை.

இனிப் பனையைப் பாருங்கள். முளைக்கவைக்க வேண்டா, காய்ச்ச வேண்டா, ஈஸ்றும் இட வேண்டா. பாளையைப் பதமாக நசுக்கி, நாளும் மெல்லியதாய்ச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டால் இனிய சாறு சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது. முட்டியிலே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர்; காய்ச்சினாற் பனங்கட்டி. பூசாது விட்டால், காற்றிலும் முட்டியிலும் உறையும் நுண்ணுயிர்கள் தாமே வந்து கள்ளாக்குகின்றன. காலையில் இறக்கிய உடன்கள்ளிலே இனிப்பு மேலோங்கும். உச்சிப் பொழுதில் நுரையும் உறைப்பும் சமநிலைப்படும். மாலையிற் புளிப்பு ஆட்சிக்கு வரும். மேலும் விட்டால் வினாகிரி. பியர்க்காரர் பத்து வகைச் சாடிகளில் ஆக்கும் வேற்றுமையை ஒரே முட்டி ஒரே பகலில் ஆக்கிக் காட்டுகிறது! பல மரத்துக் கள்ளைக் கலக்காது ஒரே மரத்தில் இறக்கிய தனிப்பனைக் கள்ளுக்கு யாழ்ப்பாணத்தார் தரும் தனி மதிப்பை யாரறியார்? பிரெஞ்சுக்காரன் தன் திராட்சைத் தோட்டத்தைப் பெயர் சொல்லிப் போற்றுவது நாகரிகம் எனின், புங்குடுதீவான் தன் வளவின் வடகிழக்கு மூலைப் பனையைப் போற்றுவது மட்டும் நாட்டுப்புறத்தனமோ?

பிறர் தம்முடையதைக் காத்த விதம்

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சைச் சூழ்ந்த பகுதியில் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. காய்ச்சிய சாற்றை அகன்ற தட்டத்தில் ஊற்றி இரவுக் காற்றுக்கு விட்டுவிடுவர். காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதனை நொதிக்கச் செய்யும். நம் கள்ளின் முறையும் அடிப்படையில் அதுவே! அதன் புளிப்பைக் கண்டு பெல்ஜியர் நாணவில்லை. லாம்பிக்கைக் கலந்து ஆக்கும் பழைய கூஸ் பியரின் மரபு முறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 1997இலிருந்து காப்பளிக்கிறது. 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது.

இங்கிலாந்தைப் பாருங்கள். பெரிய மதுவடிசாலைகள் தம் வசதிக்காக உயிரற்ற, வாயு ஏற்றிய பியரையே எங்கும் பரப்பி, பழைய பீப்பாய்ப் பியரை ஒழிக்க முற்பட்டன. 1971இல் நால்வர் கூடி அதற்கெதிராக ஓர் இயக்கம் தொடங்கினர். பின்னர் அவ்வியக்கத்திற் பல்லாயிரவர் சேர்ந்தனர். அழியவிருந்த பியர் பிழைத்தது. குடிப்பவர்கள் கூடித் தம் சுவைக்காகப் போராடி வென்றனர்! நம் நாட்டிலோ, கள்ளுக்காகக் குரல் கொடுப்பவரைக் கண்டால் நகைக்கின்றனர்.

சட்டம் செய்த வேலை

வெள்ளையர் ஆட்சி இயற்றிய 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், கள்ளிறக்குவதையும் விற்பதையும் அனுமதிப்பத்திரத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. அதன் கருத்து அரசிறைதான்; ஏழையின் உடல்நலம் அன்று. நாடெங்கும் தவறணைகளைப் பெருக்கிய அக்காலத் திட்டத்தை எதிர்த்தே மதுவிலக்கு இயக்கம் பெருகி எழுந்தது. யாழ்ப்பாணத்திலே மரவரி முறையும் தவறணை முறையுமாகச் சீவல் தொழிலாளி அலைக்கழிக்கப்பட்டான். 1970களில் எழுந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அவனுக்கு ஓரளவு நிழல் தந்தன. 1978இற் பனை அபிவிருத்திச் சபை பிறந்தது. பின்னர் போர் வந்தது. காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. 1990 முதல் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஏறுவாரின்றி மரங்கள் தனித்து நின்றன.

போர் 2009இல் முடிந்தது. மக்கள் ஒரு பகுதியினர் திரும்பினர். ஆனால், மரமேறுவோர் திரும்பினரா? மரமேறிய தந்தை தன் மகனை அத்தொழிலுக்கு விட விரும்புவதில்லை. அவரை நாம் குறை கூற முடியுமா?

நம் குற்றம்

இங்கே நாம் அரசாங்கத்தை மட்டும் கூண்டிலேற்றித் தப்பிக்கொள்ள இயலாது. எதிரியின் குற்றத்தை எடுத்துரைப்பவன் தன் குற்றத்தை மறைத்தால் அவன் வழக்கு நிலைக்காது. சீவல் தொழிலாளி கிணற்றில் அள்ளிய நீரைத் தீட்டென்று மறுத்த வாய், அவன் பனையில் இறக்கிய கள்ளை மறுத்ததுண்டா? கோயில் வாயிலில் அவனைத் தடுத்த கை, மாலையிலே அவன் முட்டியை நோக்கி நீளத் தயங்கியதுண்டா? தேநீர்க் கடையிலே அவனுக்கு வேறு குவளை வைத்த சமுதாயம் நம் சமுதாயமே. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாயில் திறக்கப் போராட்டம் வேண்டியிருந்தது.

ஊர்காவற்றுறைப் பக்கத்திலே, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரமேறிய முதியவர் ஒருவர் எம்மிடம் கூறியது இன்னும் காதில் ஒலிக்கிறது: “தம்பி, கள்ளை எல்லாரும் ஏத்திப் பேசுவினம். ஏறினவனைத்தான் இறக்கிப் பேசுவினம்.” நாம் மறுமொழியின்றி நின்றோம். நம் ஊர்ப் பானம் தாழ்ந்ததற்குக் காரணம் அதன் சுவையன்று. அதனை ஆக்கிய கையை நாம் தாழ்த்தியமையே. எந்திரத்தில் ஆக்கிய பியருக்குச் சாதியில்லை என்பதாலன்றோ அது நம்மவருக்கு நாகரிகமாகத் தோன்றிற்று?

மறுப்புகளுக்கு மறுமொழி

“வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தாரே!” என்பர். ஆம், 93ஆம் அதிகாரம். அதனை நாம் வணங்குகிறோம். குடியால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை நீதிமன்ற வாயிலிலே அன்றாடம் காண்பவர் நாம். எவரையும் குடிக்கத் தூண்டுவது எமது நோக்கமன்று. நயினாதீவிலே நாகபூசணி அம்மன் வீதியிலோ நாகவிகாரை வாயிலிலோ கள்ளுக்கடை வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. மது முழுவதையும் விலக்குவோம் என்று ஒருவர் வந்தால் அவரோடு அமர்ந்து பேசலாம். ஆனால், 8.8 வீத மதுசாரமுள்ள கடும் பியருக்குக் கடை திறந்து வைத்துவிட்டு, ஏறத்தாழ 5 வீத அளவில் நிற்கும் கள்ளுக்கு ஒழுக்கம் போதிப்பது எந்த அறம்? வள்ளுவர் பனங்கள்ளை விலக்கிப் பார்லிக் கள்ளுக்கு விதிவிலக்கு அளித்தாரோ?

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பாருங்கள். தமிழ்நாட்டிலே 1987இற் கள்ளுத் தடை செய்யப்பட்டது. அம்மாநில அரசே தன் வாணிபக் கழகத்தின் மூலம் 2003 முதல் சீமைச் சரக்கையும் பியரையும் சில்லறையாக விற்று வருகிறது. பனையேறியின் முட்டியை உடைத்துவிட்டு ஆலையின் போத்தலை அரசே விற்கும் அந்நிலை இங்கும் வரவேண்டுமா? அண்டை மாநிலமான கேரளத்திலே கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று வெளிச்சத்தில் நடப்பதையும் காண்க.

“கள்ளு நிலைக்காது, மாலைக்குள் புளித்துவிடும், வாணிகத்துக்கு உதவாது” என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மையுண்டு. சூடேற்றிப் போத்தலில் அடைத்த கள்ளு நெடுநாள் நிலைக்கும். கடல் கடந்தும் செல்லும். எம் நாக்குக்கு அது உடன்கள்ளின் நிழலே. ஆனால், நிலைக்காமை குறையன்று. இறக்கிய இடத்திலே, இறக்கிய நாளிலே அருந்த வேண்டிய பொருள், அந்த ஊருக்கே வருவாய் தரும். சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் பல பியர்களைச் சுவைத்த புங்குடுதீவு மக்கள் ஊர் திரும்பியதும் முதலிற் கேட்பது எதனை? பேணியையா, பிளாவையா? அவர்கள் நாக்கே எமது சாட்சி.

நாம் வேண்டுவன

ஒன்று: வரியும் கட்டணமும் மதுசாரத்தின் அளவை நோக்கி அமையட்டும்; ஆலையின் செல்வாக்கை நோக்கி அமைய வேண்டா.

இரண்டு: சீவல் தொழிலாளிக்கு விபத்துக் காப்புறுதியும் முதுமைக்கால ஓய்வூதியமும் சட்ட உரிமையாக வேண்டும். காலையும் மாலையும் தளநாரை நம்பி வானில் தொங்குபவனுக்கு இது பிச்சையன்று.

மூன்று: சீனியும் ஈஸ்றும் கரைத்துக் கள்ளென்று விற்கும் மோசடியை ஒழிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியற் குறியீடுகளுக்குக் காப்பளிக்கிறது. 2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய காப்பைப் பெற்றது. தென்னிலங்கைக் கறுவாவுக்கு ஆனது, தீவகப் பனங்கள்ளுக்கும் பனங்கட்டிக்கும் ஏன் ஆகாது?

நான்கு: ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில், துப்புரவான, நிழலுள்ள, எவரும் எவருக்கும் தாழாது அமரத்தக்க இடங்கள் எழ வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை அரசுக்கன்று, உங்களுக்கு. அடுத்த முறை உங்கள் வளவுப் பனையிலிருந்து இறங்கும் மனிதரை முற்றத்திலே நிறுத்திப் பேசாதீர்கள். திண்ணைக்கு அழையுங்கள், உங்கள் வீட்டுக் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். அவர் மகன் மரமேறுவதும் ஏறாததும் அவன் விருப்பம். ஆனால், ஏறினால் தலைநிமிர்ந்து ஏறும் நிலையை ஆக்குவது நம் கடன். அதனைச் செய்யாது, பெல்ஜியத்தையும் கறுவாவையும் காட்டி நாம் எழுதும் ஆயிரம் கட்டுரைகளும் புளித்த பின் எஞ்சும் வெற்று நுரையே.