மண்ணிலேயே இருக்கிறது மருந்து

"பாக்டீரியா மருந்து அடித்தேன் ஐயா, மறுநாள் பார்த்தால் புழு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காசுதான் தண்டம்." பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் கத்தரி, வெண்டை பயிரிடும் உழவர் பலர் என்னிடம் இப்படிக் குறைப்பட்டிருக்கின்றனர். குறை மருந்தில் இல்லை. அதையும் நஞ்சைப் போலவே எண்ணித் தெளிக்கவிட்ட எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களிடம் இருக்கிறது என்பதே என் கருத்து.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் இந்தப் பாக்டீரியா மண்ணில் இயல்பாக வாழ்வது. 1901இல் ஜப்பானில், பட்டுப்புழுக்களைக் கொன்ற நோய்க்கிருமியாக முதலில் கண்டறியப்பட்டது. வித்து உண்டாக்கும்போதே இது ஒரு புரதப் படிகத்தையும் ஆக்குகிறது. இலையோடு படிகத்தைத் தின்ற புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து, குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கு 2, 3 நாளாகும். ஆகவே மறுநாள் பார்க்க வேண்டியது புழுவை அன்று. இலையில் புதுக்கடி உண்டா என்பதையே.

இது நமக்கு அந்நியச் சரக்கும் அன்று. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இதன் இஸ்ரேலென்சிஸ் வகையை இந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து, கொசுப்புழுவை ஒழிக்கப் பயன்படுத்தியது. ஆனால் கொசுவுக்கானது பயிர்ப்புழுவுக்கு உதவாது. பயிருக்குக் குர்ஸ்டாகி வகைதானா என உறையில் பார்த்து வாங்குங்கள்.

லிட்டர் நீருக்கு 2 கிராம் கலந்து, புழு சிறிதாக இருக்கும்போதே, மாலையில் இலை நனையத் தெளிக்க வேண்டும். நண்பகல் வெயில் படிகத்தை அழித்துவிடும். காய்க்குள் நுழைந்த புழுவையும், சாறு உறிஞ்சும் அசுவினி, புகையானையும் இது ஒன்றும் செய்யாது. பட்டுப்புழு வளர்ப்போர் பக்கத்தில் இருந்தால் தெளிக்கலாகாது.

அப்படியானால் இத்தனை நிபந்தனை எதற்கு? கடும் நஞ்சு புழுவோடு சிலந்தியையும் பொறிவண்டையும் கொல்கிறது. காவலர் போனபின் புகையான் பெருகுகிறது. இந்தப் பாக்டீரியா காவலரை விட்டுவைக்கிறது. நம் வயிற்றிலும் படிகம் வேலை செய்வதில்லை.

விற்பனை நிலையங்கள் இதைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, காலாவதி நாளைக் காட்டி, சிறு பொட்டலங்களில் தர வேண்டும். உழவரும் முதலில் 10 சென்ட்டில் தெளித்து, மூன்றாம் நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.