தேவையைத் தீர்மானிப்பது யார்?

தோழர்களே, புதுக்கடை திறக்க வருபவரைப் பற்றிப் பழைய கடைக்காரரிடம் கருத்துக் கேட்டால் என்ன சொல்வார்? "இங்கே இன்னொரு கடை தேவையில்லை" என்றுதான் சொல்வார்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வைத்தியசாலை விடயத்தில் இதுதான் நடக்கிறது. அங்கே புதிய வைத்தியசாலை கட்டவோ, கட்டில்களைக் கூட்டவோ, பெரிய ஸ்கேன் இயந்திரம் வாங்கவோ மாநில அரசிடம் 'தேவைச் சான்றிதழ்' பெற வேண்டும். எதற்கெல்லாம் வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1964இல் நியூயோர்க் இதைத் தொடங்கியது. 1974இல் மத்திய அரசு எல்லா மாநிலங்களையும் இந்த வழிக்குத் தள்ளியது. கட்டில் போட்டால் அதை நிரப்ப நோயாளியும் வந்துவிடுவார், வீண்செலவு மக்கள் தலையில் விழும் என்பதே அன்றைய வாதம். 1986இல் மத்திய அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது ஏதோவொரு வடிவில் நிலைத்திருக்கிறது.

புதிதாக வருபவரின் விண்ணப்பத்தை ஏற்கெனவே வைத்தியசாலை நடத்துபவர் எதிர்த்து வாதாட அங்கே இடமுண்டு. இது போட்டியைத் தடுக்கிறது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவே சொல்லியிருக்கிறது. பணமுள்ள நோயாளிகளைப் புதியவர்கள் இழுத்துக்கொண்டால் ஏழைகளைப் பார்க்கும் வைத்தியசாலைகள் மூடப்படும் என்பது ஆதரிப்போரின் பதில். அதையும் தள்ளிவிட முடியாது. திட்டமிடுவது பிழையல்ல, இலாபம் பார்ப்பவரின் சொல்லுக்கு அதில் இடம் கொடுத்ததுதான் பிழை.

எங்கள் தோட்டங்களில் அப்படியொரு சான்றிதழ் இல்லை. கேள்வி மட்டும் அதேதான். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்ட மக்களின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கியது. பிற்காலத்தில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மற்ற இடங்களில் மருந்தகம் திறந்திருக்க வேண்டுமா, இரவில் நோயாளியை ஏற்ற வாகனம் வேண்டுமா என்பதைச் செலவு செய்ய வேண்டியவரே முடிவு செய்கிறார். அங்கே வருமானம் குறையும் என்ற பயம். இங்கே செலவு கூடும் என்ற பயம்.

போட்டி வந்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். எங்கள் நாட்சம்பளத்தை நம்பி எந்தத் தனியார் வைத்தியசாலையும் லயத்துக்கு ஏறி வராது.

ஆகவே தேவையை நாமே எழுதி வைப்போம். ஒவ்வொரு தோட்டக் கிளையும் ஒரு கொப்பி போடட்டும். கர்ப்பிணித் தாய்மார் எத்தனை பேர், வைத்தியசாலை எத்தனை மைல், மருந்தகம் பூட்டியிருந்த நாட்கள் எவை, இரவில் வாகனம் கிடைக்காமல் போனது எத்தனை முறை என்று திகதியோடு குறியுங்கள். அதன் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். எங்கள் தேவைக்கு அதுவே சான்றிதழ்.