போகிறாரா? போகிறாராம்!



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் காற்பந்து ஆட்டக்காரர்களின் கழக மாற்றத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 'இவருக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்பவர்களும் இருப்பர். ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். நம் ஆண்டு 5, ஆண்டு 6 மாணவர்கள் மெய்ம்மறந்து பேசுவது எதைப் பற்றி? எந்த ஆட்டக்காரர் எந்தக் கழகத்திற்குப் போகிறார், எத்தனை மில்லியனுக்குப் போகிறார் என்பதைப் பற்றித்தான். திருக்குறளில் பத்து எண்களை மனனம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, பத்து ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான்.

ஆசிரியர் அறையில் இதை வீண்பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. பெற்றோர் பலரும் அவ்வாறே நினைக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கருத்துணர்தல் பாடத்திற்கு இதைவிட நல்ல பகுதி நம் பாடநூலில்கூட இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கீலியன் எம்பாப்பேயின் கதையை எடுத்துக்கொள்வோம். 1998 டிசம்பரில் பிறந்தவர். பாரிஸ் நகரின் புறத்தே உள்ள பொண்டி என்னும் ஊரில் வளர்ந்தவர். அவ்வூர்க் கழகத்தில் பயிற்றுநராக இருந்தவர் அவருடைய தந்தை. தாயார் கைப்பந்து ஆட்டக்காரர். பிள்ளையின் படுக்கையறைச் சுவர் முழுவதும் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் படங்கள். 2012ஆம் ஆண்டின் இறுதியில், தம் 14ஆவது பிறந்த நாளையொட்டி, ரியால் மாட்ரிட் கழகத்தின் பயிற்சித் திடலுக்கு அழைக்கப்பட்டுச் சென்று வந்தார். அங்கே அவரை வரவேற்றவர் சினெடின் ஸிடான். எனவே, 'எம்பாப்பே மாட்ரிட்டுக்குப் போகிறார்' என்னும் செய்திக்கு வித்து அன்றே ஊன்றப்பட்டுவிட்டது.

ஆனால் அச்செய்தி உண்மையாவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன தெரியுமா? 2017இல் அவர் மொனாக்கோ கழகத்திலிருந்து புறப்பட்டபோதே மாட்ரிட்டின் பெயர் அடிபட்டது. போனதோ பாரிஸ் செயிண்ட் ஜெர்மைன் கழகத்திற்கு. முதலில் இரவல் ஆட்டக்காரராகவும், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 180 மில்லியன் யூரோ விலைக்கும் சென்றார். 2021 ஆகஸ்டு மாதத்தில் மாட்ரிட் விலை கேட்டது. 160 மில்லியன் யூரோ அளவில் ஒரு விலை வந்ததைப் பாரிஸ் கழகத்தின் விளையாட்டு இயக்குநர் லியோனார்டோவே வெளிப்படையாகக் கூறினார். அத்தொகை பின்னர் 180 மில்லியனாக உயர்ந்தது என்று ஏடுகள் எழுதின. பாரிஸ் விற்க மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிய ஓராண்டே எஞ்சியிருந்த ஓர் ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு விலை! அதையும் வேண்டாம் என்றார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம். 'எல்லாம் முடிந்தது, இனிக் கையெழுத்துதான் பாக்கி' என்று மாட்ரிட் நகரத்து ஏடுகள் எழுதிக்கொண்டிருந்தன. பிரெஞ்சு அதிபர் மக்ரோனே அவரிடம் பேசி, நாட்டிலேயே இருக்குமாறு கேட்டுக்கொண்டார். 2022 மே 21ஆம் நாள் பாரிஸ் விளையாட்டரங்கில், மெட்ஸ் கழகத்துடனான ஆட்டம் தொடங்கும் முன், எம்பாப்பே ஒரு சட்டையை உயர்த்திப் பிடித்தார். அதில் 2025 என்று எழுதியிருந்தது. இருக்கப் போகிறார்! அரங்கம் அதிர்ந்தது. அன்றைய ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார்.

இங்கேதான் என் மாணவர்களை நிறுத்தி வைப்பேன். அந்தச் சட்டையில் இருந்த எண் உண்மையா?

உண்மையான ஒப்பந்தம் 2024 வரைக்கும்தான். மூன்றாம் ஆண்டு என்பது விருப்ப ஆண்டு. நீட்டிக்கலாமா வேண்டாமா என்னும் உரிமை ஆட்டக்காரரிடமே இருந்தது. 2023 ஜூன் மாதத்தில், நீட்டிக்கப் போவதில்லை என்று அவர் கழகத்திற்குக் கடிதம் கொடுத்த பிறகுதான் உலகம் அதன் பொருளை உணர்ந்தது. படத்தில் கண்டதும், கண்ணால் பார்த்ததும்கூட முழு உண்மை அன்று. ஒரு சட்டையும் ஓர் எண்ணும் இலட்சக்கணக்கானோரைத் தவறாக வாசிக்க வைத்தன. கருத்துணர்தல் என்று நாம் வகுப்பில் எதைச் சொல்லித் தருகிறோமோ, அதற்கு இது போதாதா?

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. 2023 ஜூலையில் கழகம் அவரை விட்டுவிட்டு ஜப்பான் பயணம் மேற்கொண்டது. சவூதி அரேபியாவின் அல் ஹிலால் கழகம் 300 மில்லியன் யூரோ விலை பேசியது. அவர் அக்கழகத்தாரைச் சந்திக்கக்கூட இசையவில்லை. 2024 மே மாதத்தில் விடைபெறுவதாகத் தாமே காணொளி வழி அறிவித்தார். ஜூன் 3ஆம் நாள் ரியால் மாட்ரிட் அறிக்கை வெளியிட்டது. ஜூலை 16ஆம் நாள் பெர்னபேவ் அரங்கில் அறிமுக விழா. முதல் வதந்தியிலிருந்து எண்ணினால் ஏழு ஆண்டுகள்.

இந்த ஏழு ஆண்டுகளிலும் ஒவ்வொரு மாற்றக் காலத்திலும் செய்தி ஓயவில்லை. அவை எப்படி எழுதப்பட்டன என்பதுதான் நம் போன்ற மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டியது. 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிய வருகிறது', 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன', 'எனப் பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது'. கூறியவர் யார்? தெரிய வந்தது யாருக்கு? எதிர்பார்ப்பவர் எவர்? செயப்பாட்டு வினையின் பின்னால் எழுவாய் ஒளிந்துகொள்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு இலக்கணம் எடுத்த விரிவுரையாளர், 'ஒரு வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள், வினைமுற்று பொய் சொல்லாது' என்பார். அவர் காற்பந்து பார்ப்பவரல்லர். இருந்தும் அவ்வுரை விளையாட்டுப் பக்கத்திற்கே மிகவும் பொருந்துகிறது.

பிள்ளைகள் பேச்சைக் கேளுங்கள். 'ஐயா, அவரு மாட்ரிட்டுக்குப் போறாராம்!' என்கிறான். அந்த 'ஆம்' என்னும் சிற்றசைக்குள் எவ்வளவு நேர்மை இருக்கிறது! நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு என்னுடையதன்று என்று ஓர் அசையில் சொல்லிவிடுகிறான். மலாயிலும் ஆங்கிலத்திலும் இதற்குத் தனிச்சொல் ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். நம் மொழியில் அது வினையோடே ஒட்டிக்கொள்கிறது. தலைப்புச் செய்தி எழுதுபவர் முதலில் செய்யும் வேலை அந்த 'ஆம்' என்பதை வெட்டி எறிவதுதான். 'போகிறாராம்' என்பது 'போகிறார்' ஆகிறது. சற்று அச்சம் உள்ளவராக இருந்தால் ஒரு வினாக்குறியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்.

ஆண்டு 6 வகுப்பில் நான் செய்வது எளிய பயிற்சி. மாணவர் கொண்டுவரும் செய்திகளில் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடிடச் சொல்வேன். 'கையெழுத்திட்டார்' ஒரு பக்கம், 'கையெழுத்திடக்கூடும்' ஒரு பக்கம், 'கையெழுத்திடுவார் எனக் கூறப்படுகிறது' இன்னொரு பக்கம். பின்னர், சொன்னவரின் பெயர் செய்தியில் உள்ளதா என்று தேட வேண்டும். கழகத்தின் அறிக்கையா, முகவரின் பேச்சா, பெயரில்லாத வட்டாரமா? முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் எஞ்சும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு இதுபோன்ற பயிற்சிகளுக்கு நேரம் கிடைக்கிறது. அதை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

வதந்தி சும்மா பிறப்பதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றி வேறு கழகம் செல்லலாம் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் அடுத்த கழகத்துடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளவும் விதிகள் இடம் தருகின்றன. ஆகவே, ஒப்பந்தம் தேயத் தேய ஆட்டக்காரரின் கை ஓங்குகிறது, கழகத்தின் கை தாழ்கிறது. சம்பளம் உயர வேண்டும் என்று நினைக்கும் முகவருக்கு, 'அந்தக் கழகம் கேட்கிறது' என்னும் செய்தி நல்ல கருவி. விற்க நினைக்கும் கழகத்திற்கும் அதே செய்தி பயன்படும். ஏட்டுக்கு விற்பனை. இப்படி மூவருக்கும் ஆதாயம் தரும் ஒரு செய்தியை நான்காமவரான நம் பிள்ளை காசில்லாமல் பரப்பிக்கொண்டிருக்கிறான்!

காசில்லாமல் என்றா சொன்னேன்? சட்டை வாங்கிக் கொடுத்த பெற்றோர் சிரிப்பார்கள். மாட்ரிட்டில் எம்பாப்பே 2024இல் 9ஆம் எண் சட்டை அணிந்தார். மோட்ரிச் கழகத்தை விட்டுச் சென்ற பிறகு, 2025இல் 10ஆம் எண்ணுக்கு மாறினார். ஆட்டக்காரர் கழகம் மாறினால்தான் செலவு என்பதில்லை.

எம்பாப்பே துரோகியா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இல்லை என்பதே என் விடை. அவர் எந்த ஒப்பந்தத்தையும் முறிக்கவில்லை, முடியும் வரை இருந்துவிட்டுச் சென்றார். சம்பள பாக்கி தொடர்பாக அவர் தொடுத்த வழக்கிலும், ஏறத்தாழ 60 மில்லியன் யூரோ வழங்குமாறு பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் 2025 டிசம்பரில் கழகத்திற்கு உத்தரவிட்டது. 'அவர் போனால் பாரிஸ் அழிந்தது' என்று அடித்துச் சொன்ன வல்லுநர்களின் கூற்று என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அவர் இல்லாத முதல் பருவத்திலேயே, 2025 மே 31ஆம் நாள், பாரிஸ் கழகம் இண்டர் மிலானை 5-0 எனத் தோற்கடித்து முதன்முறையாக ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றது. அவரோ ஸ்பெயின் லீக்கில் 31 கோல்கள் அடித்தும் அந்த லீக் கிண்ணம் கைக்கு வரவில்லை. ஊகம் எழுதியவர்களில் எவரும் இப்படி எழுதவில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் ஆட்டக்காரர் ஒருவர் வேறு நாட்டுக் கழகத்திற்கு விற்கப்பட்டால், அந்த விலையில் 5 விழுக்காடு அவருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சியளித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். 12 முதல் 15 வரையிலான ஒவ்வொரு பருவத்திற்கும் முழு விலையில் 0.25 விழுக்காடு. 2021இல் அந்த 180 மில்லியன் யூரோ கைமாறியிருந்தால், அத்தகைய ஒரு பருவத்திற்கு 450,000 யூரோ. பொண்டி போன்ற சிறிய ஊர்க் கழகத்திற்கு அது எத்தனை ஆண்டுச் செலவு என்று எண்ணிப் பாருங்கள். 2024இல் அவர் ஒப்பந்தம் முடிந்து சென்றார். விலை இல்லை, ஆகவே பங்கும் இல்லை. கையெழுத்துத் தொகையாக ஆட்டக்காரருக்கு நூறு மில்லியன் யூரோவுக்கு மேல் கிடைத்ததாக ஏடுகள் எழுதின (இவ்வாக்கியத்தின் வினைமுற்றையும் கவனிக்க!). அந்தத் தொகையிலிருந்து முதன்முதலில் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஒரு காசு போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. போஸ்மன் தீர்ப்பு ஆட்டக்காரருக்கு நீதி செய்தது, அதில் ஐயமில்லை. பயிற்றுவித்த சிறு கழகத்தின் பங்கை விலையோடு மட்டும் கட்டிப்போட்டதுதான் குறை. கையெழுத்துத் தொகையின் மீதும் அந்த 5 விழுக்காட்டை விதிக்கலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியன் என்பதால் நான் ஒருபக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், 'அப்படின்னா அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா, ஐயா?' என்று கேட்டான். இல்லை என்றேன். எனவே, அலுவல் கடிதப் பயிற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 'குப்பை அள்ளப்படாதது குறித்துப் புகார்' என்னும் தலைப்பை இவ்வாண்டு மாற்றிவிட்டேன். பெறுநர் முகவரி சூரிக் நகரம், அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம். பதினேழு கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. கோரிக்கை எல்லாவற்றிலும் தெளிவாக உள்ளது. பாதிப் பேர் 'ஐயா' என்னும் விளிக்குப் பின் காற்புள்ளி இடவில்லை. நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும்.