ரவுட்டர் ரேடியேஷனும் 800 ரூபாய் ஸ்டிக்கரும்: ஒரு இழை

வீட்டுக்கு முதல் முறையா வைஃபை ரவுட்டர் வாங்கப் போறீங்களா? கடையில போய் "ரேடியேஷன் கம்மியா வர்ற மாடல் எது?"ன்னு மட்டும் கேட்காதீங்க. அந்தக் கேள்வியை வச்சே உங்ககிட்ட காசு பிடுங்க ஒரு கூட்டம் ரெடியா இருக்கு. அவங்களைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும்.

"எம்பிபிஎஸ் படிச்சவனுக்கு நெட் ஸ்பீடோட எம்பிபிஎஸ் பத்தி என்ன தெரியும்?"னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: நியாயமான கேள்வி. நான் இன்ஜினியர் இல்ல. ஆனா ரவுட்டர் மேல பழியைப் போட்டுட்டு ஓபிக்கு வர்றவங்களை உட்கார வச்சு பிபி பார்க்கிறவன்.

அப்படி வந்தவர்தான் இந்த அண்ணன் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்). நாற்பத்தஞ்சு வயசு. நாலு மாசமா காலையில எழுந்தா தலைவலி. வீட்டுக்கு வைஃபை வந்ததும் நாலு மாசத்துக்கு முன்னாடிதான். ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது யூடியூப்ல ஒரு "இயற்கை" ஆசாமி.

முதல்ல வாங்கின ரவுட்டரைத் தூக்கிப் போட்டுட்டு "ரேடியேஷன் கம்மி"ன்னு சொல்லி வித்த இன்னொன்னு வாங்கியிருக்கார். அப்புறம் ஒண்ணு 800 ரூபாய்னு நாலு "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர். அதுக்கும் அடங்கலைன்னு ரவுட்டரைப் பின்கட்டு பரண்ல ஏத்திட்டார். பையன் ஆன்லைன் கிளாஸுக்கு மொட்டை மாடியில உட்கார்ந்து மொபைல் டேட்டா தீர்த்துக்கிட்டு இருந்திருக்கான்.

பிபி பார்த்தேன். 190/110. அஞ்சு நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பார்த்தேன், பெருசா மாற்றமில்ல. கண் பிரிவுக்கு அனுப்பினோம், விழித்திரையில பிபியால வர்ற மாற்றம் ஆரம்பிச்சிருந்தது. நாலு மாசம், 3200 ரூபாய் ஸ்டிக்கர், ரெண்டு ரவுட்டர். நடுவுல ஒரே ஒரு தடவைகூட யாரும் அவர் கையில பிபி பட்டையைச் சுத்தல.

அந்தத் தலைவலி பிபியாலதான் வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பிபி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனாலதான் அளந்து பார்க்கணும்னு தொண்டை கிழியக் கத்துறோம். எனக்குக் கோபம் அவர் மேல இல்ல. பயந்தவர் பயந்துட்டார். பயத்தை வித்தவன் மேலதான்.

சரி, ரேடியேஷனுக்கு வருவோம். அந்த வார்த்தைதான் பிரச்சினையே. எக்ஸ்ரேயும் ரேடியேஷன், டார்ச் லைட் வெளிச்சமும் ரேடியேஷன். எக்ஸ்ரே மாதிரி கதிர்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் அளவு ஆற்றல் உள்ளவை. வைஃபை ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருக்கிற ஆற்றல், எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையானதில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கே இதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு.

"மைக்ரோவேவ் அவனும் அதே 2.4தானே, அதுல கோழி வேகுதே"ம்பாங்க. அவன் 700 வாட்டோ அதுக்கு மேலயோ சக்தியை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சுச் சுத்த விடுது. வீட்டு ரவுட்டர் அனுப்புற ரேடியோ சக்தி பொதுவா ஒரு வாட்டுக்கும் கீழ. அதுவும் எல்லாப் பக்கமும் பரவிப் போகுது. ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா கால்வாசியாயிடும். காதுல ஒட்டி வச்சுப் பேசுற ஃபோன் இதைவிட ரொம்பப் பக்கம். இன்னொண்ணு: டவர் சிக்னல் வீக்கா இருந்தா ஃபோன் கூடுதல் சக்தியில அனுப்பும். ரவுட்டரைப் பரண்ல ஏத்திட்டு மகனை மொபைல் டேட்டாவுக்குத் துரத்தினது எந்தக் கணக்குலயும் லாபம் இல்ல.

"உலக சுகாதார நிறுவனமே கேன்சர் வரும்னு சொல்லியிருக்கு" என்பது அடுத்த ஃபார்வர்டு. அதன் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி 2011ல ரேடியோ அலைகளை "2பி" பிரிவில் வச்சது உண்மை. மொபைல் ஃபோனை அதிகம் பயன்படுத்துறவங்களைப் பத்தின ஆய்வுகளைப் பார்த்து, "வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவு"ன்னு சொன்ன பிரிவு அது. அதே 2பியில கத்தாழை முழு இலைச் சாறு இருக்கு. ஆசிய முறையில் ஊறவச்ச காய்கறிகளும் இருக்கு (நம்ம மாங்கா ஊறுகாயைச் சொல்லல, பதறாதீங்க). சந்தேகமே இல்லாத முதல் பிரிவுல என்ன இருக்குன்னு பாருங்க: புகையிலை, மது, பாக்கு, காற்று மாசு. வாயில பாக்கை ஒதுக்கிக்கிட்டே "டாக்டர், வைஃபையால கேன்சர் வருமா?"ன்னு கேட்டவரை நேர்ல பார்த்திருக்கேன். சிரிப்பு வரல.

தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் ரவுட்டர் வந்தப்புறம்தான்னு சொல்றவங்க பொய் சொல்லல. அறிகுறி நிஜம். ஆனா அலை ஓடுதா இல்லையான்னு அவங்களுக்கும் தெரியாம, பக்கத்துல இருக்கிற ஆய்வாளருக்கும் தெரியாம வச்சுச் சோதிச்சப்ப, அவங்களால கண்டுபிடிக்க முடியல. ஆஃப் பண்ணி வச்சிருந்தப்பவும் தலை வலிச்சது. 2005லயே உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவா எழுதிடுச்சு. அப்போ டாக்டர் செய்ய வேண்டியது நிஜக் காரணத்தைத் தேடுறது: பிபி, ரத்தசோகை, கண் பவர், தூக்கம், மன அழுத்தம்.

இப்போ ஸ்டிக்கர் வியாபாரம். ஒரே கேள்வி. அந்த ஸ்டிக்கர் நிஜமாவே அலையைத் தடுத்தா வைஃபை எப்படி வேலை செய்யும்? வைஃபை நல்லா எடுக்குதுன்னா ஸ்டிக்கர் தண்டம். எடுக்கலைன்னா ரவுட்டர் தண்டம். ரெண்டுல ஒண்ணுக்குக் கொடுத்த காசு போச்சு.

இது நம்ம ஊர் அப்பாவிகள் கதைன்னு நினைக்காதீங்க. 2020ல இங்கிலாந்துல 5ஜியிலிருந்து காப்பாத்தும்னு 300 பவுண்டுக்கு மேல ஒரு யுஎஸ்பி வித்தாங்க. பிரிச்சுப் பார்த்தா சாதாரண 128 எம்பி பென் டிரைவ். அதே வருஷம் அக்டோபர்ல நம்ம நாட்டுல ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் தலைவர் சாணியில செஞ்ச சிப் ஃபோன் ரேடியேஷனைக் குறைக்கும்னு அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஆதாரம் எங்கேன்னு கடிதம் எழுதினாங்க.

உச்சம் நெதர்லாந்துதான். 2021 டிசம்பர்ல அந்த நாட்டு அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் பத்துப் பொருட்களைப் போடாதீங்கன்னு எச்சரிச்சது. 5ஜியிலிருந்து காக்கும்னு வித்த டாலர், வளையல், கண் பட்டை, குழந்தைகளுக்கான பிரேஸ்லெட்டும் அதுல உண்டு. காரணம், அவற்றிலிருந்தே கதிரியக்கம் வந்துக்கிட்டிருந்தது. டிஎன்ஏவைத் தொடக்கூடிய அந்த எக்ஸ்ரே ரகம். இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தைக் காசு கொடுத்துப் பிள்ளை கையில கட்டியிருக்காங்க.

அப்போ கடையில என்னதான் கேட்கணும்? முதல்ல, வாங்கணுமான்னு கேளுங்க. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிறவங்க வைக்கிற பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை இருக்கும். அது 2.4, 5 ரெண்டு பேண்டும் கொடுத்தா சின்ன வீட்டுக்குப் போதும். (ரவுட்டர்ல "5ஜி"ன்னு வர்றது 5 கிகாஹெர்ட்ஸ். மொபைல் 5ஜி வேற. இதைப் பார்த்து அலறி ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க.) 2.4 தூரம் போகும், ஆனா அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டு ரவுட்டர்களோட நெரிசல். 5 வேகம், ஆனா சுவர்ல திணறும்.

தனியா வாங்கினா ஆன்டெனாவை எண்ணாதீங்க. அட்டையில "1200"ன்னு போட்டிருந்தா அது ரெண்டு பேண்டையும் கூட்டிச் சொல்ற கணக்கு, உங்க ஃபோனுக்கு அவ்வளவு வராது. பின்னாடி இருக்கிற போர்ட் கிகாபிட்டான்னு கேளுங்க. 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ளதை வாங்கிட்டு 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டா பாதிக் காசு வீண். வைஃபை 6 கையைக் கடிக்காத விலையில கிடைச்சா எடுங்க. கரன்ட் போற ஊர்னா மிச்சக் காசுல ஒரு மினி யுபிஎஸ்.

வைக்கிற இடம் மாடலைவிட முக்கியம். லைன் போட வர்ற தம்பி கேபிள் உள்ள நுழையுற மூலையிலேயே மாட்டிட்டுக் கிளம்பப் பார்ப்பார். விடாதீங்க. வீட்டு நடுவுல, கொஞ்சம் உயரத்துல வைக்கச் சொல்லுங்க. பீரோ, ஃப்ரிட்ஜ் பின்னாடி வேண்டாம். பேஸ்மேக்கர் வச்சவங்க ரவுட்டரை நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு போகாம ஒரு சாண் தள்ளி வச்சுக்கிட்டாப் போதும்.

அன்னைக்கே அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. டபிள்யூபிஏ2 இல்லைன்னா டபிள்யூபிஏ3 போடுங்க. பயப்பட வேண்டிய இடம் அதுதான், யாரும் பயப்பட மாட்டேங்கிறாங்க.

ராத்திரி பத்து மணிக்கு ரவுட்டரை ஆஃப் பண்றவங்களுக்கு: தாராளமா பண்ணுங்க. அலைக்காக இல்ல, பிள்ளைங்க போர்வைக்குள்ள ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்காம தூங்கட்டும்னு. நிறைய ரவுட்டர்ல நேரம் செட் பண்ற வசதியே இருக்கு.

அந்த அண்ணன் மாத்திரை ஒழுங்கா போடறார். மாத்திரை இப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது. போன தடவை 138/86. ரவுட்டர் பரண்லேர்ந்து ஹாலுக்கு வந்தாச்சு. பாஸ்வேர்டை மாத்தினீங்களான்னு கேட்டேன். மாத்த முடியலையாம். பழைய பாஸ்வேர்டு ரவுட்டர் அடியில அச்சடிச்சிருக்கும்ல, அதுக்கு மேலதான் அந்த 800 ரூபாய் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கார். பிய்ச்சா எழுத்தும் சேர்ந்து வருதாம்.