எட்டப்பன்னு திட்டலாமா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகள்ல தேர்தல் நேரத்துல அதிகமா அடிபடுற சொல் 'எட்டப்பன்'. கட்சி மாறினா எட்டப்பன். சீட் கிடைக்காம சுயேச்சையா நின்னாலும் எட்டப்பன். ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட போட்டுக் குடுக்கறவனும் அவனேதான் :-)

ஆனா அது ஒரு தனி ஆளோட பேரே இல்லைங்க. தெற்கே எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகச் சூடிக்கொண்ட பட்டம். 1799-ல் இருந்த எட்டப்பர் கட்டபொம்மனுக்கு எதிராக ஆங்கிலேயர் பக்கம் நின்றார், அது உண்மைதான். ஆனால் தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. அப்புறம் 'தொண்டைமான்' மட்டும் ஏன் வசவாகலை? 1959-ல் வந்த சிவாஜி படத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்குன்னு நினைக்கிறேன்.

ஒருத்தர் செஞ்சதுக்கு, அந்தப் பட்டத்தைச் சுமந்த முன்னோர், பின்னோர் எல்லாருக்கும் சேர்த்து தண்டனை! பேர் சொல்லா மாறுறதுல நியாயம் பார்க்க முடியாது போல. நான் தினமும் மல்லுக்கட்டுற அல்காரிதம், அல்-குவாரிஸ்மிங்கற கணித மேதை பேர்லேர்ந்து வந்தது. அவருக்கு யோகம். எங்க ஊர் அதியமான் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியையே ஔவைக்குக் குடுத்தவர். ஆனா வாரிக் குடுக்கறவனை இந்த ஊர்லயே 'கர்ணன்'னுதான் சொல்றோம்.

காட்டிக் குடுக்கறவனுக்கு 'துரோகி' ஏற்கெனவே இருக்கு. இனி நான் அதையே எழுதப் போறேன். நீங்க எப்படி?