மலிவான மோட்டார் சைக்கிள்: மீதி விலையை யார் கொடுப்பது?

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி விலையை மட்டும் கேட்டுவிட்டு மாட்டை ஓட்டி வருவதில்லை. பல்லைப் பார்க்கிறார். குளம்பைப் பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். வீட்டில் தீவனம் இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்க்கிறார். ஆனால் எஞ்சின் பூட்டிய பொருளை வாங்கும்போது இந்த நிதானம் பலருக்கு வருவதில்லை. ‘பாதி விலை’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை மடியைத் தடவுகிறது. மீதிப் பாதி விலையை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

சீனாவில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்படும் மலிவு விலை மோட்டார் சைக்கிள்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தார்ச் சாலையிலும் மண் பாதையிலும் ஓடக்கூடிய, உயரமான, ஸ்போக் சக்கர வண்டிகள் இவை. ‘ஹாக் 250’ என்ற பெயரில் விற்கும் வண்டி இவற்றில் பலரும் அறிந்தது. பெயரில் 250 என்று இருந்தாலும், கார்புரேட்டர் பூட்டி வரும் இவ்வண்டியின் எஞ்சின் 229 சி.சி.தான். இதே வகை ஜப்பானிய வண்டியின் விலையில் பாதிகூட ஆகாது என்பதே இதன் கவர்ச்சி.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இந்த வண்டி பெட்டியில் அடைத்து வாங்குபவரின் வீட்டுக்கே வந்து சேர்கிறது. முன் சக்கரம், கைப்பிடி, பேட்டரி முதலியவற்றை அவரே பூட்டிக்கொள்ள வேண்டும். நட்டு, போல்ட் ஒவ்வொன்றையும் முடுக்கிப் பார்க்கும் வேலையும் அவருடையதே. ஷோரூம் மெக்கானிக் செய்யும் வேலையை உரிமையாளரின் தலையில் வைத்துவிட்டு, அந்தக் கூலி விலையில் கழிக்கப்படுகிறது. செயின், டயர், பேட்டரி போன்றவற்றிலும் சிக்கனம் செய்யப்பட்டிருக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது லாபம். தெரியாதவருக்கு இது கடன்.

எஞ்சினின் பூர்வீகம்

‘சீனப் பொருள் என்றாலே குப்பை’ என்று சொல்லி ஒதுக்குவதும் சரியல்ல. ஹோண்டா நிறுவனம் எக்ஸ்.ஆர். 150 எல் என்ற வண்டியைச் சீனாவில் தயாரித்து, 2023-ம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிறது. எனவே நாட்டின் பெயரைப் பார்ப்பதைவிட எஞ்சினின் பூர்வீகத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

மலிவான சீன வண்டிகள் பலவற்றின் எஞ்சினுக்கு மூலம், 1970-களின் நடுவில் ஹோண்டா உருவாக்கிய சி.ஜி. 125 ஆகும். வளரும் நாடுகளில் மக்கள் மோட்டார் சைக்கிளில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறார்கள், ஆயிலைக் காலத்தில் மாற்றுவதில்லை என்பதைக் கண்டறிந்த ஹோண்டா பொறியாளர்கள், அதைத் தாங்கும்படி இந்த எஞ்சினை அமைத்தார்கள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் தலைப்பகுதியில் இல்லாமல் கீழே வைக்கப்பட்டது. நீண்ட கம்பிகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். வேகம் குறைவுதான். ஆனால் உழைப்பு அதிகம், பழுது பார்ப்பதும் எளிது. பிற்காலத்தில் சோங்கிங் முதலிய சீன நகரங்களின் தொழிற்சாலைகள் இந்த அமைப்பை ஏராளமாகச் செய்து உலகெங்கும் அனுப்பின. பலர் செய்யும் எஞ்சின் என்றால் அதன் உதிரிப் பாகமும் பல இடங்களில் கிடைக்கும். மலிவு வண்டிக்கு உள்ள பெரிய பலம் இதுதான்.

வியட்நாம் கண்ட பாடம்

மலிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை வியட்நாம் காட்டியிருக்கிறது. 2000, 2001 ஆண்டுகளில் சீன வண்டிகள் அந்த நாட்டில் வெள்ளம்போல் வந்து இறங்கின. ஜப்பானிய வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே அவை கிடைத்தன. அதுவரை மோட்டார் சைக்கிளை நினைத்தும் பார்க்க முடியாதிருந்த கிராமத்துக் குடும்பங்கள் வண்டி வாங்கின. அது சிறிய நன்மை அல்ல. ஆனால் பல வண்டிகள் விரைவில் தேய்ந்து, அடிக்கடி பழுதாயின. 2002-ல் ஹோண்டா ‘வேவ் ஆல்ஃபா’ என்ற வண்டியைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அதன் விலையைக் குறைப்பதற்காகச் சீனாவில் செய்த பாகங்களையும் சேர்த்துக்கொண்டது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நின்று உழைக்கும் வண்டியை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். சீன வண்டிகளின் விற்பனை சரிந்தது.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்றுதான். ஏழைக்கும் எட்டும் விலை அவசியம். அந்த விலை ஒரு வருடத்தோடு முடிந்துபோனால் அது மலிவே அல்ல.

வாங்கியவர் செய்ய வேண்டியவை

இத்தகைய வண்டியை வாங்கியவர், விலையில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கை அன்றே தனியாக எடுத்து வைப்பது நல்லது. நல்ல செயின், பிளக், பெட்ரோல் டியூப், கிளச் கேபிள், தேவைப்பட்டால் பேட்டரி ஆகியவற்றுக்கு அது செலவாகும்.

முதல் வேலை ஆயில் மாற்றுவது. புது எஞ்சினில் தேயும் இரும்புத் தூள் ஆயிலில் கலக்கும். எனவே பெட்டியோடு வந்த ஆயிலை முதல் 100 கிலோமீட்டருக்குள் வடித்துவிட்டு, 500 கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பு. இவ்வகைச் சிறு எஞ்சின்கள் பலவற்றில் காகித வடிகட்டி கிடையாது. கம்பி வலை மட்டுமே உண்டு. அதைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவ வேண்டும். எஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால் கார் ஆயிலை ஊற்றக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு உரிய, டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ முத்திரை உள்ள ஆயிலே ஏற்றது.

அடுத்தது ஸ்போக். புது சக்கரத்தின் ஸ்போக்குகள் சில நாள் ஓட்டத்திலேயே தளரும். சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் முறுக்கானது ‘கிண்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது ‘தொப்’ என்று கேட்கும். தளர்ந்ததை ஒரேயடியாக முறுக்காமல் கால் சுற்று, அரைச் சுற்றாகச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் ரிம் கோணலாகிவிடும்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் போல்ட்டுகள் கழன்று விழுவது சாதாரணம். எஞ்சின் பிடிப்பு, புகைக் குழாய், கால்வைக்கும் கட்டை, பின் சக்கர அச்சு ஆகியவற்றை முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். சூடு அதிகம் படாத இடங்களில் மரையைப் பிடித்துக்கொள்ளும் பசை ஒரு சொட்டு இட்டால் போதும்.

வயலில் ஓடும் வண்டிக்கு முதல் எதிரி புழுதி. காற்று வடிகட்டியின் பஞ்சைச் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, அதற்குரிய எண்ணெயை இலேசாகத் தடவிப் பிழிந்து பொருத்த வேண்டும். வடிகட்டியைக் கவனிக்காவிட்டால் பிஸ்டன் ரிங் தேயும். பிறகு வண்டி ஆயிலைக் குடிக்கும். இந்தியச் சாலை வண்டிகள் பலவற்றில் உள்ளதுபோல் செயினை முழுதும் மூடும் உறை இவற்றில் கிடையாது. சேறும் மணலும் நேரே செயினில் படும் என்பதால் அதை அடிக்கடி துடைத்து எண்ணெயிட வேண்டும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றினால் அன்றே வண்டியைக் கழுவிவிட வேண்டும். உரம் இரும்பை அரிக்கும்.

பல நாள் நிறுத்தி வைப்பதானால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். தேங்கி நின்றால் ஜெட் துளை அடைத்துக்கொள்ளும். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, புத்தகத்தில் கண்ட அளவுப்படி பார்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. வாரத்தில் ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க முடியாதவர் மலிவு வண்டியை வாங்காமல் இருப்பதே மேல்.

தமிழக விவசாயிக்கு

வகை ஒப்புதல் பெறாத மோட்டார் சைக்கிளை இந்தியாவில் பதிவு செய்ய முடியாது என்பதால், இப்படிப்பட்ட வண்டியை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் முதலில் காகிதங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பாடம் மோட்டார் சைக்கிளோடு முடிவதல்ல. தமிழ்நாட்டில் விற்கும் பவர் வீடர், விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி ஆகியவற்றில் பல சீனாவிலிருந்து வருபவை. அங்கும் இதே ‘பாதி விலை’தான், அங்கும் மீதி விலை பின்னால் வருகிறது. மத்திய அரசு 2020 ஜூலையில் பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, இறக்குமதி செய்பவரிடம் விற்பனைக்குப் பின் சர்வீஸ், உதிரிப் பாகம் ஆகியவற்றுக்கான வசதி இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்த நிபந்தனையை ஒவ்வொரு விவசாயியும் தாமே கடைக்காரருக்கு விதிக்கலாம்.

அதற்கு எளிய சோதனை உண்டு. எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன், அதே கடையில் ஒரு கிளச் கேபிள், ஒரு காஸ்கெட் செட், ஒரு பிஸ்டன் ரிங் விலைக்குக் கேட்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நம்பலாம். ‘சொல்லி வரவழைத்துத் தருகிறேன்’ என்றால், நடவு நேரத்தில் எந்திரம் நின்றால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அங்கேயே கணக்கிட்டுவிடலாம். செயினில் 428, 520 என்ற எண்ணும், பேரிங்கில் 6202, 6301 போன்ற எண்ணும் இருந்தால் அவை உலகப் பொது அளவுகள். பக்கத்து ஊர்க் கடையிலும் கிடைக்கும். எண்ணில்லாத பாகம் அதிகமுள்ள எந்திரம் கடைக்காரரை நம்பியே இருக்க வேண்டியது.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கிராமங்கள் ஏற்றுக்கொண்டதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிய அந்த வண்டி நின்றுபோனால், அடுத்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கூட அதைக் கிளப்பிவிட்டார். பாகம் கிடைத்தது, கைவேலை தெரிந்த ஆள் கிடைத்தார். காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் ஊற்ற வேண்டிய பால் வண்டிக்காகக் காத்திருக்காது. பறித்த கத்தரிக்காயும் காத்திருக்காது. ஆகவே எந்திரம் எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அது பழுதானால் எத்தனை மைல் தொலைவில் பிழைக்கும் என்று கேட்டு வாங்குவதே சிறு விவசாயிக்கு லாபம்.