கொடிக்கயிற்றுக்கும் முற்றம் வேண்டும்

துணி உலர்த்துவதும் அரசியற் பிரச்சினையா என்று நம்மை நகைப்போர் இருக்கலாம். நகைக்கட்டும்.

கண்டி நகரில் துணி உலர்த்தும் மின் இயந்திரம் வாங்கிய வீடுகளும் உண்டு. ஒரு தடவைக்கு அது இரண்டு மூன்று அலகு மின்சாரத்தை விழுங்கும். 2022 மார்ச்சு முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. அவ்வாண்டு ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? வெயிலோ செலவின்றி ஈரத்தைப் போக்கி, கிருமிகளையும் ஓரளவு அழிக்கின்றது. இயந்திரத்தில் உருண்டு நூல் தேய்வதும் இல்லை. மிளகையும் கராம்பையும் முற்றத்தில் காயவைக்கும் விவசாயிக்கு வெயிலின் அருமையை நாம் உரைக்க வேண்டியதில்லை.

ஆனால், வெயிலைப் பெறவும் நிலம் வேண்டுமே! 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரான நாள்தொட்டு இம்மலைகளைச் செழிக்கவைத்த மக்களின் லயங்களைப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி அறை. முன்னால் ஒடுங்கிய நடைபாதை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்துணி அடுப்புக்கு மேலேதான் தொங்கும். விறகுப் புகையும் பூஞ்சண வாடையும் அங்கேயே உறங்கும் குழந்தையின் நெஞ்சில் இறங்கும். இருமலுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர்கள் இதை அறியாதவர்களல்லர். உரத்துச் சொல்வோர்தாம் குறைவு.

7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்த பின்னரும் லயங்கள் ஒழிந்தபாடில்லை. இனி எழும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் வெயில் விழும் முற்றமும், மழைக்காலத்துக்கெனக் கூரையிட்ட திறந்த தாழ்வாரமும் இடம்பெற வேண்டும். அவை இல்லாத வரைபடத்தை நம் பிரதிநிதிகள் ஏற்கலாகாது.